'ஆசிரியர்' கட்டத்தில் யார் பெயர்?

கோப்பைத் தோண்டினால் எழுதியவரே கையில் சிக்கிவிடுவார் என்ற நம்பிக்கைக்கு ஒரு பிறப்பிடம் சொல்வதென்றால், அது அமெரிக்காவின் விச்சிட்டா நகரம். 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற ஒருவன், போலீசுக்குக் கடிதம் எழுதி விளையாடிக்கொண்டிருந்தான். ஃபிளாப்பியில் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று அவர்களிடமே கேட்டான். பயமில்லை என்று நாளிதழ் வரி விளம்பரத்தில் பதில் வந்தது. 2005 பிப்ரவரியில் ஃபிளாப்பியும் வந்தது. அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு கோப்பை மீட்டபோது, ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்ற குறிப்பும் கிடைத்தன. இணையத்தில் தேடினால், அந்தத் தேவாலய சபையின் தலைவர் டென்னிஸ் ரேடர்.

கதையை இங்கேயே முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் தேவாலயக் கணினியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது போலீசுக்குத் தெரியும். ரேடருடைய மகளின் மருத்துவ மாதிரியில் எடுத்த டி.என்.ஏ., கொலை நடந்த இடத்துத் தடயத்தோடு ஒத்துப்போன பிறகே அவரைக் கைது செய்தார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டுமே மெட்டாடேட்டா, அதாவது கோப்போடு ஒட்டிவரும் பெயர், தேதி போன்ற குறிப்புகள், சொன்னது.

'ஆசிரியர் என்று பெயர் போட்டிருக்கிறதே, பிறகென்ன?' என்பவர்கள், அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வேர்டு மென்பொருளை நிறுவும்போது பயனர் பெயராக எதைக் கொடுத்தார்களோ, அதுவே ஒட்டிக்கொள்கிறது. கணினியை அசெம்பிள் செய்து தந்தவர் 'அட்மின்' என்று போட்டிருந்தால் ஆயுளுக்கும் 'அட்மின்'தான். தாலுகா அலுவலக வாசலில் தட்டச்சு செய்து தரும் கடையில் நூறு பேர் நூறு மனு கொடுத்தாலும், நூற்றுக்கும் ஆசிரியர் கடைக்காரரே! பழைய கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக எழுதினாலும் முதல் ஆளின் பெயர் அப்படியே நிற்கும்.

பொய்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவும் செய்யலாம். 2016-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியிலிருந்து திருடியதாகக் 'குசிஃபர் 2.0' என்ற பெயரில் வெளியான ஆவணங்களில், கடைசியாகத் திருத்தியவர் 'ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச்' என்று ரஷ்ய எழுத்தில் இருந்தது. சோவியத் ரகசியப் போலீசை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் அது. அவர் இறந்தது 1926-இல்.

தேதியாவது பொய் சொல்லாது என்பார்கள். விண்டோஸில் போன வருடக் கோப்பு ஒன்றைப் பென் டிரைவுக்கு நகலெடுத்துப் பாருங்கள். 'உருவாக்கிய நாள்' இன்றாகவும் 'திருத்திய நாள்' போன வருடமாகவும் காட்டும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு! இதில் மோசடி எதுவும் இல்லை. இந்த நகல் பிறந்த நேரத்தை விண்டோஸ் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மோசடி செய்ய நினைப்பவருக்கோ கணினிக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் போதும். வேர்டின் .docx கோப்பு என்பதே ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் பெயரும் தேதியும் சாதாரண எழுத்தாகக் கிடக்கும், நோட்பேடில் மாற்றிவிடலாம்.

அப்படியானால் மெட்டாடேட்டா குப்பையா? அதுவும் தவறு. எழுதியவரை நிரூபிப்பதில் அது சோப்ளாங்கி. பொய்யைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டி. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ தானே என்று சொல்லிவந்த ஆஸ்திரேலியர் கிரெய்க் ரைட், லண்டன் உயர் நீதிமன்றத்தில் கட்டுக்கட்டாகப் பழைய ஆவணங்களைக் கொடுத்தார். பிட்காயின் பிறந்த காலத்தது என்று காட்டப்பட்ட ஓர் ஆங்கில ஆவணத்துக்குள் 'நிர்மலா யு.ஐ.' என்ற எழுத்துருவின் தடம் இருந்தது. விண்டோஸில் தமிழைக் காட்டுகிற அதே எழுத்துருதான்! அது விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்தது. பிட்காயின் அறிக்கை வெளியானதோ 2008-இல். கடிகாரத்தைத் திருப்பத் தெரிந்தவருக்கு எழுத்துருவின் வயது நினைவுக்கு வராது. இப்படிப் பல தடயங்கள் சேர்ந்தன. ரைட் சதோஷி அல்ல என்று 2024 மார்ச்சில் நீதிபதி மெல்லர் அறிவித்தார். ஆவணங்களைப் பெருமளவில் போலியாகத் தயாரித்தார் என்று மே மாதத் தீர்ப்பில் எழுதினார்.

இன்னொரு நம்பிக்கைதான் ஆபத்தானது: ஒருவருடைய கணினியில் கிடைத்த கோப்பு அவர் எழுதியது, குறைந்தபட்சம் அவர் படித்தது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம், அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் தீம்பொருள் வழியாக உள்ளே வைக்கப்பட்டன என்று 2021-இல் அறிக்கை தந்தது. அது காட்டிய தடயங்களில் ஒன்று, கடிதங்கள் வேர்டு 2010 அல்லது 2013-இல் பி.டி.எஃப். ஆக்கப்பட்டவை, அவர் கணினியில் இருந்தது வேர்டு 2007. அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியும் 2022 டிசம்பரில் அதே நிறுவனம் இதே முடிவைச் சொன்னது. அவர் 2021 ஜூலை 5 அன்றே காவலில் இறந்திருந்தார். பிரதிவாதித் தரப்பு கேட்டு வாங்கிய ஆர்சனலின் ஆய்வை, வழக்கை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) ஏற்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணை, கேட்கிறது. கணக்கிட்ட நாளுக்குப் பிறகு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன்னால் அந்தக் கோப்பில் யார் கைவைத்தார் என்பது அந்த எண்ணில் இருக்காது.