நூற்றுக்கு நூறு வாங்கிய வலைப்பக்கம்

பள்ளி வலைப்பக்கத்தை உருவாக்கி முடித்ததும், குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் கருவியால் அதைச் சோதித்தேன். அணுகல்தன்மைக்கு 100 மதிப்பெண் வந்தது. மனநிறைவோடு இருந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, எட்டாம் வகுப்பில் பயிலும் பார்வைத்திறன் குறையுடைய மாணவி, "சார், என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு என்னைக்குள்ள விண்ணப்பிக்கணும்?" என்று கேட்டாள்.

"பள்ளிப் பக்கத்துல போட்டிருக்கேனேம்மா."

"கேட்டுப் பார்த்தேன் சார். 'அறிவிப்புப் படம்'னு மட்டும்தான் சொல்லுது."

கடைசி நாளுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. அன்றே விண்ணப்பத்தை நிரப்பினோம்.

எங்கே தவறினேன்?

அறிவிப்பைத் தட்டச்சு செய்யாமல், தாளைப் படமெடுத்து ஏற்றியிருந்தேன். மாற்று உரையாக 'அறிவிப்புப் படம்' என்று எழுதியிருந்தேன். மாற்று உரை இருக்கிறதா என்று மட்டுமே கருவி பார்த்தது. தேதி அதில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விடைத்தாளில் எல்லா வினாக்களுக்கும் ஏதோ எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும், விடை சரியா என்று திருத்துவதும் ஒன்றாகுமா?

கருவி கண்டுபிடிப்பவை

மாற்று உரையே இல்லாத படம், பெயரில்லாத பொத்தான், பின்னணியோடு கலந்து மங்கும் எழுத்து ஆகியவற்றைக் கருவி நொடியில் காட்டிவிடும். வழக்கமான அளவு எழுத்துக்கு நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நெறிமுறை. இதைக் கண்ணால் அளக்க முடியாது. எனவே கருவி தேவைதான்.

நாம் பார்க்க வேண்டியவை

1. மாற்று உரையை மட்டும் படித்தால் செய்தி முழுதாகக் கிடைக்கிறதா? அறிவிப்பு எனில் தட்டச்சு செய்வதே நல்லது.

2. பக்கத்தின் மொழி 'தமிழ்' என்று குறிக்கப்பட்டுள்ளதா? ஆங்கிலம் என்று குறித்திருந்தாலும் கருவி மதிப்பெண் கொடுத்துவிடும். ஆனால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று தடுமாறக்கூடும்.

3. சுட்டியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் எல்லா இணைப்புகளுக்கும் வரிசையாகச் செல்ல முடிகிறதா?

4. 'இங்கே சொடுக்கவும்' என்பதற்குப் பதிலாக, 'விண்ணப்பப் படிவம்' என்று இணைப்புக்குப் பெயரிட்டுள்ளோமா?

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இருவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். முதலில் லைட்ஹவுஸ் சோதனை செய்து மதிப்பெண்ணைக் குறிக்கட்டும். பிறகு என்விடிஏ என்னும் கட்டணமில்லாத் திரைவாசிப்பானை இயக்கி, கணினித் திரையை அணைத்துவிட்டு, ஓர் அறிவிப்பின் கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லவும். இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டுப் பேசட்டும். ஒரு பாடவேளை போதும்.

மின்னணு வடிவிலான தகவல்கள் அனைவரும் அணுகத்தக்க வகையில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. எங்கள் பள்ளியில் இப்போது ஒவ்வொரு அறிவிப்பையும் கருவி சோதித்த பின், அந்த மாணவி ஒருமுறை கேட்டுப் பார்க்கிறாள். அவள் "சரி சார்" என்ற பிறகே வெளியிடுகிறோம்.