‘எழுதிக் கொடுத்துட்டுப் போ’ என்று கடைக்காரர் சொன்னால்…

வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடமிருந்து சாயங்காலம் ஒரு போன்: “அம்மா, கடையில பிடிச்சு உட்கார வெச்சிருக்காங்க.” எடுத்தானா இல்லையா என்ற விசாரணையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இந்தக் குறிப்புகள் அதை ஒட்டியவை.

1. எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டுப் போப்பா” என்பது கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த சாட்சியச் சட்டம் தடை போடுகிறது. கடை மேலாளரிடமோ ஹாஸ்டல் வார்டனிடமோ எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்தத் தடை கிடையாது. பயத்தில் கிறுக்கிய நாலு வரி நேராகக் கோர்ட்டுக்குப் போகும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு வாதாடலாம்தான், அதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். செல்போனை நீட்டி “எடுத்தேன்னு சொல்லு” என்றாலும் இதே கதைதான். நண்பனுக்கு வாட்ஸ்ஆப்பில் “மாட்டிக்கிட்டேன்டா” என்று அனுப்புவதும் வேண்டாம். “வீட்டுக்குச் சொல்லணும் சார், வக்கீலைக் கேட்டுட்டுப் பேசறேன்” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். குரலை உயர்த்துவதாலும் ஓடுவதாலும் சந்தேகம்தான் கூடும்.

2. மறதி திருட்டாகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் சட்டப்படி அது திருட்டு. ஒருமுறை நானே ஒரு கடையில் குடையைக் கையில் மாட்டிக்கொண்டு, காய்கறிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். காவலாளி சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். இருபது வயதுப் பையனாக இருந்திருந்தால் சிரித்திருப்பாரா தெரியாது! போனில் பேசிக்கொண்டிருந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் பில் போட்டது, பையில் போதிய பணம் இருந்தது ஆகியவையெல்லாம் எண்ணம் என்னவாக இருந்தது என்று காட்டும் சான்றுகள். அன்று இரவே தேதி, நேரத்தோடு நடந்ததை எழுதி வக்கீலிடம் மட்டும் கொடுங்கள்.

3. விலைச்சீட்டைக் கவனியுங்கள். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். இந்த வகைத் திருட்டில் பிடிவாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது, ஜாமீனும் உரிமை. 1,200 ரூபாய்ச் சட்டை புகாரில் 6,000 ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருளையும் விலைச்சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து வைப்பது நல்லது.

4. எஃப்.ஐ.ஆரில் பிரிவு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 303(2) என்றால் சாதாரணத் திருட்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. 305 என்றால் குடியிருக்கும் அல்லது பொருள் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு. அதற்கு ஏழாண்டு வரை போகும், மேலே சொன்ன 5,000 ரூபாய்ச் சலுகையும் இல்லை. ஹாஸ்டல் அறையில் லேப்டாப் காணாமல் போனால் 305 வந்து நிற்கும். கடைத் திருட்டுக்கும் அதைப் போட்டிருந்தால் பொருந்துமா என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே நகலை எடுக்கலாம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டிருந்தால் இன்னும் வழக்குப் பதிவாகவில்லை என்று அர்த்தம், பேசித் தீர்க்க இடம் இருக்கிறது.

5. “பத்து மடங்கு கட்டு, இல்லேன்னா போலீஸ்” என்று மிரட்டிப் பணம் பறிக்க எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. அறையில் பூட்டி வைப்பதும் அடிப்பதும் தனிக் குற்றங்கள். கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்தைக் கண்ணெதிரே பார்த்தால் தனிநபரும் பிடித்து வைக்கலாம். அப்போதும் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

6. சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். பல கடைகளில் அதற்கும் முன்பே. அந்த நாள், அந்த நேரப் பதிவைப் பத்திரப்படுத்தும்படி மறுநாளே ஸ்பீட் போஸ்டில் கடைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். யுபிஐயில் பணம் போகாமல் நின்றிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண் தங்கம்.

7. காவல் நிலையத்தில்: இந்தக் குற்றங்களுக்குக் கைது கட்டாயமில்லை, விசாரணைக்கு வரச்சொல்லி புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவுப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. கையில் கிடைத்த நோட்டீஸுக்குத் தவறாமல் போக வேண்டும், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். கைது செய்தால் காரணத்தைச் சொல்லி, வீட்டுக்கும் தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களை மாலை மங்கிய பின் விடியும்வரை கைது செய்வதற்கு விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

8. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கி மாட்டிக்கொள்ளும் மாணவர்களும் இருக்கிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். ஆனால் பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்கினால் அந்தக் காரணத்தை நாமே கொடுத்தது போலாகும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ‘கேஒய்எம்’ என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் தட்டி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

9. “ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்.” கோர்ட் வாசலில் இதைச் சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அதற்கு முன் இரண்டு வழிகளை வக்கீலிடம் கேளுங்கள். 303(2) வழக்கில் பொருளின் சொந்தக்காரர் சமாதானத்துக்கு வந்தால் அது விடுதலைக்குச் சமம். அவர் மறுத்து, தீர்ப்பு எதிராக வந்தாலும், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடலாம். 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். இந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது.

10. முதலாமாண்டு மாணவருக்கு 18 நிரம்பாவிட்டால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

11. வக்கீலுக்குக் காசில்லையா? 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

12. வழக்கு முடிந்தால் உத்தரவின் சான்றிட்ட நகலை இரண்டு வாங்குங்கள். அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவம் கேட்கும்போது மறைப்பதுதான் பல நேரங்களில் வேலையைக் கெடுக்கிறது. இளம் வயதுச் சில்லறை வழக்கை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமெரிக்க விசா விண்ணப்பமோ தண்டனையை மட்டுமல்ல, எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கும். நகலை லேமினேட் செய்துவிடாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போய்விடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்க் ஷீட் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள்.