வணிகப் பாடம்: கைபேசிப் படத்தில் நம் கடை எங்கே?



முன்னாளில் ஒரு கடையின் பெயர் ஊரில் பரவ வேண்டுமாயின், அஞ்சடிக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகையும், பெருநாள் மலரில் கொடுக்கும் கால்பக்க விளம்பரமும், யாவற்றுக்கும் மேலாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவரின் நாவும் போதுமானவையாக இருந்தன. இன்று நிலைமை வேறு. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும் ஒருவர், பக்கத்தில் நிற்பவரிடம் விசாரிப்பதில்லை. கைபேசியை எடுத்து "முர்தபா" என்று தட்டுகிறார். கூகுள் முதலில் மூன்று கடைகளைக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார். பட்டியலில் பத்தாவதாக நிற்கும் கடைக்காரரோ, தெருவில் இத்தனை கூட்டம் போகிறதே, நம் கடைக்குள் ஒருவரும் நுழையவில்லையே என்று கல்லாவில் அமர்ந்து ஏங்குகிறார்.

அவருக்காகவே இப்பாடம் எழுதப்படுகிறது.

தேக்கா வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் எமக்கு நெடுநாள் பழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அவர் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது தாள் ஒன்றை எம்முன் வைத்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் நூறு, ஒரு மாதத்துக்குள் எழுதித் தரப்படும் என்றும், பாதித் தொகை முன்பணம் என்றும் அதில் கண்டிருந்தது.

"யார் எழுதுவாங்க காக்கா?"

"அது அவங்க பாடு. அடுத்த தெருவிலே போன வருஷம் திறந்த கடை படத்திலே மேல நிக்குது. நான் முப்பது வருஷமா இங்கே அடுப்பு எரிக்கிறேன், என் கடையைக் காணோம். வாடகையும் ஏறிப் போச்சு. என்ன செய்யச் சொல்றீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வாரம் பொறுத்துக் கையெழுத்துப் போடும்படி வேண்டிக்கொண்டு, அவருடைய கடை படத்தில் எவ்வாறு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். அப்போது கண்டவற்றையும் செய்தவற்றையும் கீழே தருகிறோம். நம்மவர் கடைகள் பலவற்றின் நிலை இதுவே என்பது எமது துணிபு.

நிற்க. இந்த வரிசை எப்படி அமைகிறது என்பது மந்திரமன்று. கூகுள் நிறுவனமே அதனை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தேடுபவர் கேட்ட பொருளை இந்தக் கடை விற்கிறதா என்பது பொருத்தம். தேடுபவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள இடைவெளி தூரம். கடையைப் பற்றி எத்தனை பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள், வேறு இணையப் பக்கங்களில் அதன் பெயர் வருகிறதா என்பன பிரபலம். பணம் கட்டி இந்த வரிசையில் மேலே ஏற வழியில்லை என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், ஆனால் அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியே தெரியும். எனவே, "கூகுளிலிருந்து பேசுகிறோம், முதல் இடம் வாங்கித் தருகிறோம், இத்தனை வெள்ளி" என்று தொலைபேசியில் அழைப்பவரை நம்ப வேண்டா.

இம்மூன்றில் தூரம் நம் கையில் இல்லை. கடையைத் தூக்கி நிலைய வாசலில் வைக்க முடியாது. இதனை மறந்துவிட்டு மனம் நோகிறவர் பலர். இன்னும் சிலர் இதற்கு எதிரான மயக்கத்தில் இருக்கிறார்கள். தம் கடையிலேயே உட்கார்ந்து, தம் கடைப் பெயரையே தட்டி, "ஆகா, முதலில் வருகிறதே" என்று மகிழ்கிறார்கள். வராமல் எங்கே போகும்? உண்மை தெரிய வேண்டுமாயின் இரண்டு தெரு தள்ளிப் போய் நின்று, கடைப் பெயரைச் சொல்லாமல், வாடிக்கையாளர் தட்டும் சொல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். நாம் காக்காவை நிலைய வாசலுக்கே அழைத்துப் போனோம். "முர்தபா" என்று தட்டினால் அவர் கடை வரவேயில்லை. விரலால் தள்ளித் தள்ளி நெடுந்தூரம் கீழே போன பிறகே கண்ணில் பட்டது.

ஏன் என்று பார்த்தபோது முதற்காரணம் உடனே விளங்கிற்று. கடையின் வகை என்னும் இடத்தில், வெறும் "கடை" என்று இருந்தது! பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அவசரத்தில் பதிந்தது. சாப்பாட்டுக் கடை என்பதே கூகுளுக்குத் தெரியாத போது முர்தபா கேட்பவருக்கு அது எப்படிக் காட்டும்? வகையை நாமாக எழுத முடியாது, அவர்கள் தரும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முதன்மை வகை ஒன்று, அதற்கு மேல் துணை வகைகள் ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்பது கிடைக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்புவது தவறு. எதனால் நமக்கு வியாபாரம் நடக்கிறதோ அதுவே முதன்மை வகையாக இருத்தல் வேண்டும். காக்காவின் கடைக்கு இந்திய முஸ்லிம் உணவகம் என்பதை முதன்மையாகவும், ஹலால் உணவகம் என்பதைத் துணையாகவும் வைத்தோம். முயிஸ் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, ஆதலால் அதனையும் விளக்கத்தில் குறித்தோம். சான்றிதழ் பெறாதவர், முதலாளி முஸ்லிம் என்ற ஒன்றைக் கொண்டு சான்றிதழ் உள்ளதுபோல் எழுதலாகாது.

நாணய மாற்று வியாபாரத்தில் இருக்கும் சகோதரர்கள் இவ்விடத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் 2019 ஆம் ஆண்டுக் கட்டணச் சேவைச் சட்டப்படி நாணய மாற்றுவது ஒரு சேவை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது மற்றொரு சேவை. முன்னதற்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கூடுவார்களே என்று பின்னதையும் வகையில் சேர்த்தால், அது படத்தோடு நிற்கிற தவறன்று.

பெயர் விஷயத்திலும் ஆசை மிகுந்து கெடுபவர் உண்டு. பலகையில் ஒரு பெயர், படத்தில் "அப்பெயர் – சிறந்த பிரியாணி முர்தபா ஹலால் 24 மணி நேரம்" என்று ஒரு முழநீளப் பெயர். இது கூகுளின் விதிக்கு மாறானது. பலகையில் உள்ள பெயரே படத்திலும் இருக்க வேண்டும். இவ்வாறு நீட்டியதால் சில காலம் மேலே வந்த கடைகள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் போட்டிக்காரர் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்திப் புகார் செய்தால் போதும், கடையின் பக்கமே நிறுத்தி வைக்கப்படலாம். அதனை மீட்கும் வரை மதிப்புரைகளும் படங்களும் யார் கண்ணுக்கும் தெரியாமற் போகும். முர்தபாவையும் பிரியாணியையும் எழுதுவதற்கு உணவுப் பட்டியல் என்று தனி இடமே இருக்கிறது, விளக்கத்துக்கும் 750 எழுத்துகள் வரை இடமுண்டு. அங்கே எழுதலாம்.

அடுத்து, குண்டூசி. படத்தில் கடையைக் காட்டும் குறியைத்தான் சொல்கிறோம். காக்காவின் கடைக் குறி பின் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குத்தப்பட்டிருந்தது. அதை நம்பி வந்தவர்கள் பூட்டிய பின்கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். எத்தனை பேரோ! சிங்கப்பூரில் 1995 முதல் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வழங்குகிறது. பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு ஆதலால், அதனைச் சரியாக எழுதினாலே குறி ஏறக்குறைய உரிய இடத்துக்கு வந்துவிடும். பிறகு விரலால் நகர்த்தி வாசலில் வைக்க வேண்டும். பேரங்காடிக்குள் கடை வைத்திருப்போர் மாடி எண்ணையும் கடை எண்ணையும் விடாமல் எழுதுக. மலேசியாவில் ஐந்திலக்கக் குறியீடு ஒரு வட்டாரத்தையே குறிப்பதால், அங்குள்ள சகோதரர்கள் குறியைக் கையால் நகர்த்திச் சரிபார்ப்பது இன்னும் அவசியம். அங்கே காரில் வருவோர் பலர் வேஸ் பார்த்தே ஓட்டுகிறார்கள். ஆகவே அதிலும் ஒருமுறை பார்த்துக்கொள்க.

கடை இடம் மாறினால் புதிய பக்கம் திறப்பது பலர் செய்யும் பிழை. பழைய பக்கத்திலேயே முகவரியை மாற்ற வேண்டும். இல்லையேல் பத்தாண்டு மதிப்புரைகள் பழைய முகவரியிலேயே அநாதையாகக் கிடக்கும்.

திறந்திருக்கும் நேரத்தைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். ஒருவர் பொதுவாகச் சாப்பாட்டுக் கடை என்று தேடும்போது, அந்நேரத்தில் திறந்திருக்கும் கடைகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது என்பதைக் கூகுளைச் சேர்ந்தவர்களே 2023 இல் ஒப்புக்கொண்டார்கள். அதற்காக, பூட்டிய கடைக்கு 24 மணி நேரம் என்று எழுதுவது நம்மை நாமே கெடுத்துக்கொள்வதாகும். நள்ளிரவில் வந்து இருட்டைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டே வீடு போவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அடைப்பவர்கள், அந்த நாளுக்கு மட்டும் நேரத்தை இரண்டாகப் பிரித்து எழுதலாம். நோன்பு மாதத்திலும் பெருநாளிலும் சிறப்பு நேரம் என்னும் இடத்தில் முன்கூட்டியே பதியலாம். காக்காவின் கடை ஞாயிறு விடுமுறை என்று படத்தில் இருந்தது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கேட்டபோது, பெருந்தொற்றுக் காலத்தில் சில வாரம் ஞாயிறு அடைத்ததாகவும் பிறகு மாற்ற மறந்ததாகவும் கூறினார்.

மறந்தது மட்டுமன்று, மாற்ற வழியும் இல்லை! அந்தப் பக்கம் முன்பு கடையில் வேலை செய்த பிள்ளையின் மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளை ஊருக்குப் போய் ஆண்டுகள் ஆகின்றன. நல்ல பிள்ளைதான், ஆயினும் தொடர்பில்லை. கடையின் வாடகை ஒப்பந்தத்தை வேலைக்காரர் பெயரில் எழுதுவோமா? இதுவும் அத்தகையதே. முதலாளியின் மின்னஞ்சலே உரிமையாளராக இருக்க வேண்டும், மற்றவர்களை நிர்வாகிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். கைவிட்டுப் போன பக்கத்துக்கு உரிமை கோரி விண்ணப்பிக்க வழியுண்டு. பழைய உரிமையாளர் சில நாளில் பதில் தராவிடில், நாம் உறுதிப்படுத்தி ஏற்கலாம். காக்காவிடம் காணொளி கேட்டார்கள். தெருப் பெயர், பெயர்ப்பலகை, கடையின் உட்புறம், அடுப்படி எல்லாவற்றையும் அவர் பேரன் ஒரே ஓட்டமாகப் படம் எடுத்து அனுப்பினான். முதல்முறை நிராகரிக்கப்பட்டது, பலகை தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை ஏற்றார்கள்.

இனி, அந்தத் தாளுக்கு வருவோம்.

மதிப்புரைகளின் தொகையும் தரமும் வரிசைக்கு உதவுகின்றன என்பது உண்மை. அதனால்தான் அவற்றை விற்பவர்கள் முளைத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கிய மதிப்புரைகள் கண்டுபிடிக்கப்பட்டால் நீக்கப்படும். சில வேளைகளில் அக்கடைக்குப் புதிய மதிப்புரை ஏற்பதே நிறுத்தி வைக்கப்படும். சிங்கப்பூரில் இது சட்டப்படியும் நியாயமற்ற வணிகம். போலி மதிப்புரைகள் வெளியிட்ட கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மீது 2024 இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நிறையில் குறைத்து விற்கலாகாது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாப்பிடாதவர் சாப்பிட்டதாக எழுதுவதும் அத்தகைய தராசே என்று காக்காவிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தே தாரிக் ஒண்ணு இலவசமாக் கொடுத்து எழுதச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

அதுவும் கூடாது. பொருளோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவதை விதி தடுக்கிறது. திருப்தியுற்றவரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் தடுக்கப்பட்டதே. ஆனால் எல்லாரிடமும் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. கூகுள் தரும் சதுரக் குறியை அச்சிட்டுக் கல்லாவில் ஒட்டினோம். முப்பது ஆண்டு வாடிக்கையாளர்கள் காக்காவிடம் அன்பு வைத்திருந்தும், ஒருவரும் அதுவரை எழுதாததற்குக் காரணம் யாரும் கேட்காததுதான். "மட்டன் முர்தபா, வெங்காயம் தாராளம்" என்று ஒருவர் எழுதிய ஒரு வரி, முர்தபா தேடுபவருக்குக் கடைப் பெயருக்குக் கீழேயே காட்டப்படுவதைப் பின்னர் கண்டோம்.

குறை எழுதுபவருக்குப் பதில் சொல்வது ஒரு கலை. "குழம்பு ஆறியிருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். காக்காவின் முதற்பதிலை இங்கே அச்சிட முடியாது. அடுத்த நாள் பேரன் எழுதியது: "மன்னிக்கவும். அன்று மதியம் அடுப்பு ஒன்று பழுது. இப்போது சரிசெய்துவிட்டோம்." அந்தப் பதிலைக் குறை சொன்னவர் படித்தாரோ என்னவோ, அடுத்து வரப்போகும் நூறு பேர் படிப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் காக்காவும் நாமும் நிலைய வாசலுக்குப் போனோம். "முர்தபா" என்று தட்டினால் நான்காவது. டன்லப் தெரு முனையிலிருந்து தட்டினால் இரண்டாவது. "பிரியாணி" என்றால் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற பழைய பிரியாணிக் கடைகள் அத்தனை உண்டு. காக்கா கைபேசியை மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அந்த மூணாவது கடைக்காரர் யாருன்னு தெரியுமா தம்பி? முன்னே என் கடையிலேதான் மாவு வீசிக்கிட்டு இருந்தார்" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டியிருக்கிறது, யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.