மூன்றாம் மாதமும் போக வேண்டும்

அன்புள்ள கண்ணுக்கு, அத்தை எழுதுவது.

உன் கூட்டாளிக்கு ரத்தப் புற்றுநோய் என்று அண்ணன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் ராத்திரியெல்லாம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். வெளியூர்க் கபடிப் போட்டிக்குப் போவதா, ஆஸ்பத்திரியில் அவனோடு இருப்பதா என்று கேட்டிருந்தாய். அது உன் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் உன் மாமா படுத்தபோது நடந்ததை நீயே பார்த்தாய். முதல் வாரம் வாசலில் செருப்பு விட இடமில்லை. அவர் டீமே ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து நின்றது. மூன்றாம் மாதம் ஒருவரையும் காணோம். கெட்டவர்கள் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றுபோனார்கள். எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

அவனுக்கு வந்திருக்கும் ஏ.எல்.எல். வகைக்கு வைத்தியம் இரண்டு மூன்று வருடம் ஓடும். இடையிடையே ரத்தமும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டிவரும். பிளட் பேங்கில் இருக்கும் நம் பாப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தட்டணுக்களை எடுத்தால் ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியுமாம். முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆகவேண்டுமாம். எல்லோரும் ஒரே நாளில் கை நீட்டினால் பிறகு யார் இருப்பார்கள்? பதினெட்டு வயதானவர்களுக்கு முறை போட்டு வை. கீமோவுக்குப் பிறகு வெள்ளணு இறங்கிவிடும். சளி, இருமல் இருப்பவன் கிட்டப் போகக்கூடாது. கும்பலாகவும் வேண்டாம். கை கழுவி, மாஸ்க் போட்டு ஒவ்வொருவராகப் போங்கள். டாக்டர் வேண்டாம் என்கிற நாளில் வீடியோ காலில் பேசு.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த கதையை அவனிடம் சொல்லாதே. 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அவர் மறுபடி ஆடியது உண்மைதான். ஆனால் அவருக்கு வந்தது வேறு வகை. அதைச் சொன்னால் இவன் எப்போது எழுந்து வருவான் என்று நாள் குறித்தது போலாகிவிடும். அதைவிட, ரைடில் யார் போனஸ் எடுத்தான், கார்னரில் யார் சொதப்பினான் என்று பேசு. கபடியில் அவுட்டானவன் தானாக உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவன் பாயிண்ட் எடுத்தால்தான் வருவான். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

போட்டிக்குப் போகிறாயா, போ. அது அடுத்த வருடமும் நடக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

நிறையப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே சாமி. உன்னைப் போல இளகின மனசு நம் வீட்டில் யாருக்கும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. ஞாயிற்றுக்கிழமை வா, நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிறேன். அவன் அம்மாவுக்கும் ஒரு தூக்கு தந்துவிடுகிறேன். பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். எந்த முடிவு எடுத்தாலும் நீ என் தங்கம்தான்.

அன்புடன்,
அத்தை