காரைக்கால் உப்புத் தண்ணீரும் உங்கள் கீசரும்

கடலை ஒட்டிய காரைக்கால் வீடுகள் பலவற்றில் போர் தண்ணீர் கரிக்கிறது. அது கீசரின் காயிலில் வெள்ளையாகப் படியும், டேங்க்கை உள்ளிருந்தே அரிக்கும். ஐப்பசி அடைமழையில் கீசர் நின்றுபோனால் ஆள் கிடைப்பது சிரமம். இன்றைக்கே பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• மெயின் போர்டில் கீசருக்கான பிரேக்கரை இறக்குங்கள். வயரிங் மாறியிருந்தால் சுவர் ஸ்விட்சை அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும்.

• வெந்நீர்க் குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். ராத்திரி அணைத்த கீசரில்கூடக் காலையில் கை வேகும் அளவுக்குச் சூடு இருக்கும்.

• பிறகு தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்து, சேஃப்டி வால்வின் லீவரைத் தூக்கி வடியுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். லீவர் இல்லாத மாடல் என்றால் பிளம்பரிடம் விடுங்கள்.

• வடிந்த வாளியைப் பாருங்கள். வெள்ளைத் துகள் இருந்தால், தெளிவாக வரும்வரை நிரப்பி நிரப்பி வடியுங்கள். கரிக்கும் தண்ணீர் என்றால் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, நல்ல தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை.

• மக்னீசியம் ராடை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க்குக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். உள்கம்பி தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கீசர் ஒழுகி வீணாகும் வீடுகளில் பெரும்பாலும் இந்த ராடை யாரும் தொட்டதே இல்லை.

• தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போனால் படிவு வேகமாகச் சேரும்.

• கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. போடுங்கள், எர்த் கிளாம்ப்பையும் பாருங்கள். உப்புக்காற்றில் கிளாம்ப் துருப்பிடித்தால் எர்த் இருந்தும் இல்லாததுதான்.

செய்யக்கூடாதவை

• சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். தண்ணீர் சூடாகி விரியும்போது சில துளி வருவது சரியே. அந்த வழியை அடைத்து, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கும். ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்றுங்கள்.

• காலி கீசரை ஆன் செய்யாதீர்கள். வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச். 2018 நவம்பர் கஜா போலப் புயல் அடித்தால், கரண்ட் வந்ததும் முதலில் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காயில் கருகும்.

• படிவைக் கரைக்கப் பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள். டேங்க்கின் உட்பூச்சும் சேர்ந்து போகும். காயிலைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் போதும்.

• 2000 வாட் கீசரைச் சாதாரணப் பிளக்கில் செருகாதீர்கள். கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் பிளக்கும் தடித்த வயரும் வேண்டும்.

• சாஃப்ட்னர் இருக்கிறது என்று ராடை மறக்காதீர்கள். சாஃப்ட்னர் கடினத்தைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது.

• கீசர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பால்பவுடர் கரைக்காதீர்கள். 2022 ஜூலையில் காலரா பரவி இங்கே பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். காய்ச்சிய தண்ணீர் என்றால் அடுப்பில் கொதித்த தண்ணீர்தான்.

• குழாயைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்றாலும் குளிக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை வெந்நீர் அடுப்பில் போடலாம்.