கிரகண இரவில் விண்மீன் தரிசனம்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை முன்னிட்டுப் பல திருக்கோயில்களில் நடை முன்னதாகவே சாத்தப்பெற்றது. இரவு 9.57 மணிக்குப் புவியின் கருநிழல் சந்திரனைத் தீண்டியது. 11.01 மணி தொடங்கி 82 நிமிடங்கள் முழுமதி செம்புத் தட்டென நின்றது. வார விடுமுறை நாளாயினும் அதனைக் காணாது உறங்கியோர் திருப்பூரில் பலர். அத்தகைய இரவு மீண்டும் வரவிருப்பதால், முன்கூட்டியே சில செய்திகளை அறிந்துகொள்வது நலம்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி நேர்கோட்டில் வரும்போது சந்திர கிரகணம் உண்டாகின்றது. சந்திரனின் பாதை ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் இது நிகழ்வதில்லை. அப்பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகளையே நம் முன்னோர் இராகு, கேது என்று கணக்கில் வைத்தனர்.

அக்கணக்கின் திறத்துக்கு ஒரு சான்று உண்டு. 1825ஆம் ஆண்டு புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சோழிகளைத் தரையில் வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி தம் ‘காலசங்கலிதம்’ நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே. முடிவில் மட்டும் 52 நிமிடம் பிசகியது. ஏடும் எழுதுகோலும் இன்றிச் செய்த கணக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, 2028 டிசம்பர் 31. அதுவும் ஞாயிற்றுக்கிழமையே; பனியன் கம்பெனிகளில் பணிபுரிவோர்க்கு ஓய்வு நாள். இரவு ஏறத்தாழ 8.38 மணிக்குக் கருநிழல் படரத் தொடங்கும். 9.46 முதல் 10.58 வரை முழு மறைப்பு, 12.06 மணியளவில், புத்தாண்டு பிறந்தபின், நிழல் விலகும்.

பௌர்ணமி இரவில் நிலவொளியே மற்ற விண்மீன்களை மறைத்துவிடும். முழு மறைப்பின் எழுபது நிமிடங்களில் அவ்வொளி அடங்க, மங்கிய மீன்களும் வெளிப்படும். உச்சி வானில் ரோகிணி. சற்றே மேற்கில் கார்த்திகைக் கூட்டம். கிழக்கில் மிருகசீரிடம், செந்நிறத் திருவாதிரை. அதற்கும் கிழக்கே செந்நிறச் சந்திரன். மார்கழித் திருவாதிரையை ஒட்டிய இரவில் இரு செம்மையும் அருகருகே தோன்றுவது காணத்தக்கது.

சந்திரனை எம்மாடியிலிருந்தும் காணலாம். விண்மீன்களைக் காண்பதோ இடத்தைப் பொறுத்தது. நகரின் தெருவிளக்கும் ஆலை விளக்கும் வானை வெளுக்கச் செய்கின்றன. காங்கயம், தாராபுரம் பக்கம் உறவினர் தோட்டத்து வீடு இருப்பின் அங்குச் செல்வது உத்தமம். இயலாதோர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அமர்ந்து, கைப்பேசியைப் பாராது இருபது நிமிடம் இருந்தால் கண் இருளுக்குப் பழகிவிடும். பாய், போர்வை, தொப்பி வேண்டும். மார்கழிப் பனி பொல்லாதது. வெறுங்கண்ணால் காண்பதில் தீங்கில்லை. சூரிய கிரகணத்துக்கு உரிய கண்ணாடி இதற்கு வேண்டியதில்லை.

உபவாசம் இருப்போர் குடும்ப வழக்கப்படி இருக்கலாம். ஆயின் கருவுற்ற தாய்மாரும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும், முதியோரும் உணவையும் மருந்தையும் தள்ளிப்போடுதல் கூடாது. கருவுற்ற மருமகளைக் கதவடைத்த அறையில் நீரும் தராது இருத்தும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உள்ளது. கிரகண நிழலால் கருவுக்குக் கேடில்லை. நாவறட்சியால் தாய்க்குக் கேடுண்டு. அவரையும் மாடிக்கு அழைத்துச் சென்று, சாய்வு நாற்காலியில் அமர்த்தி, அச்செந்நிலவைக் காட்டுங்கள்.