பவர் பேங்கும் பன்றி வேட்டையும்

தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறை என்று கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவார ஊர்களில் மரச்சீனி நட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை புதிதல்ல. ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஒரு மூடு மிஞ்சாது. அந்த வயிற்றெரிச்சலில் முளைத்த பேச்சு ஒன்று இப்போது மொபைல் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சுற்றுகிறது. பழைய சிசிடிவி கேமரா ஒன்று, சின்னத் திரை ஒன்று, அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று. இவற்றைத் துப்பாக்கியின் மேல் கட்டிவிட்டால் ராணுவத்தின் இரவுப்பார்வைக் கருவி தயாராம். "கரண்டுக்கு ஒரு பவர் பேங்க் போரும், விடிய விடிய ஓடும்" என்பது அந்தப் பேச்சின் முடிவு.

போதாது. ஓடவும் ஓடாது. படித்த பிள்ளைகளே இதை நம்பிப் பணத்தைக் கரைப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

ராணுவக் கருவி ஒரே ஒரு பென்சில் செல்லில் பல மணி நேரம் ஓடுவது உண்மைதான். அமெரிக்கப் படையினர் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் ஏ.என்./பி.வி.எஸ்.-14 அப்படிப்பட்டது. வதந்தி இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. ஆனால் அந்தக் கருவி வெளிச்சம் அடித்துப் பார்ப்பதை நம்பியிருப்பதில்லை. நிலாவும் நட்சத்திரங்களும் தரும் அற்ப ஒளியை ஒரு வெற்றிடக் குழாய்க்குள் எலக்ட்ரான்களாக மாற்றி, பல்லாயிரம் மடங்கு பெருக்கிப் பச்சைத் திரையில் காட்டுகிறது. குழாய்க்குள் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்; மின்னோட்டமோ இம்மியளவு. அதனால்தான் சின்ன செல் தாங்குகிறது.

வீட்டில் கட்டும் கருவியில் அந்தக் குழாய் கிடையாது. சாதாரண சிசிடிவி கேமராவின் சென்சார் முழு இருட்டில் குருடு. அது பார்க்க வேண்டுமானால் அகச்சிவப்பு விளக்கு ஒன்று எதிரே எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டரியைத் தின்பது அந்த விளக்கு.

இந்தச் சங்கடம் 80 ஆண்டுப் பழையது. 1945இல் ஒகினாவா தீவில் அமெரிக்கப் படையினர் அகச்சிவப்பு விளக்கு பொருத்திய துப்பாக்கியோடு இறங்கினார்கள். மின்கலப் பெட்டியைத் தனியே சுமந்தார்கள். அதே உலகப் போரில் ஜெர்மானியர் செய்த 'வாம்பயர்' கருவியின் மின்கலம் மட்டுமே ஏறக்குறைய 13 கிலோ. முதுகு நோகச் சுமந்தும் சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் அவர்களால் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. விளக்கடித்துப் பார்க்கும் கருவி எதுவானாலும் மின்சாரத்துக்கு இந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

கணக்கைப் பார்க்கலாம். பவர் பேங்கின் மேல் 20,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 74 வாட் மணி. சிசிடிவி கேமரா கேட்பது 12 வோல்ட். அந்த அளவுக்கு ஏற்றும்போது 20,000 என்பது 6,000 சொச்சமாகச் சுருங்கும். மாற்றும் சர்க்யூட் வெப்பமாகத் தின்பது போக 5,000தான் கைக்கு வரும். அச்சிட்டதில் நான்கில் ஒரு பங்கைத்தான் நம்பலாம்.

அடுத்தது மின்சாரத்தை இழுக்கும் வேகம். கேமராவுக்கு 3 வாட், திரைக்கு 3 வாட், சுமாரான விளக்குக்கு 10 வாட் என்று வைத்தால் கூட்டல் 16. சாதாரண பவர் பேங்கின் 5 வோல்ட், 2 ஆம்பியர் துளை தருவது 10 வாட்டுக்கு மேல் போகாது. விளக்கைப் போட்ட நொடியில் பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வேகமாக சார்ஜ் ஏற்றும் துளையில் 18 வாட் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. வரும், ஆனால் எதிர்முனையில் இருக்கும் கருவி அதற்குரிய சைகையைத் தந்தால் மட்டும். அறுத்து ஒட்டிய வயருக்கு அந்தச் சைகை தெரியாது. அது 5 வோல்ட்டிலேயே நிற்கும். சைகை தரும் சின்னப் பலகையைத் தேடி வாங்கிப் பொருத்தினாலும், புத்தம்புதிய பவர் பேங்கில் நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. விளக்கை அணைத்துவிட்டு மிச்சம்பிடிக்கலாம் என்றால், மிகக் குறைவாக இழுக்கும்போது 'போன் நிறைந்துவிட்டது' என்று எண்ணி அணைந்துபோகும் பவர் பேங்குகளும் உண்டு.

தூரத்தின் கணக்கு இன்னும் கொடியது. ஒளி பரவும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 30 மீட்டரில் 10 வாட் விளக்கு காட்டியதை அதே லென்ஸோடு 60 மீட்டரில் காட்ட 40 வாட் வேண்டும். பவர் பேங்கை விடுங்கள், தோளில் தொங்கும் பைக் பேட்டரிக்கே அது பெரும் சுமை.

இதற்கு மாற்றாகச் சிலர் பழைய லேப்டாப்பை உடைத்து 18650 செல்களைச் சேர்க்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மூன்றைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட் வரும். ஆனால் வெவ்வேறு வயதான செல்களில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற இரண்டும் அதைத் தலைகீழாகத் தள்ளும். பாதுகாப்புப் பலகை இல்லாமல் அதையே மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் நனையும் மாவட்டத்தில், இன்சுலேஷன் டேப் சுற்றிய அந்தப் பொதியைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக் குறிபார்ப்பது அறிவுள்ள செயலா? ஆன்லைனில் 9,900 எம்.ஏ.எச். என்று விற்கும் 18650 செல் ஒவ்வொன்றும் பொய். அதே பருமனுள்ள நல்ல செல்லே 3,500ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இனி, சில்லறை நம்பிக்கைகள்.

சதுர 9 வோல்ட் பேட்டரி போதும் என்பது ஒன்று. அதன் கொள்ளளவு சுமார் 500 எம்.ஏ.எச்.தான், 16 வாட்டைத் தாங்கவே தாங்காது. அகச்சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியாததால் கண்ணைக் கெடுக்காது என்பது இன்னொன்று. தெரியாததால்தான் கண்மணி சுருங்காது. கிட்டத்தில் வைத்துச் சோதிப்பது கெடுதல். விளக்கு தெரியாவிட்டால் பன்றிக்கு ஆளே தெரியாது என்பார்கள். பன்றி நம்புவது மூக்கை. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். தெரியவே தெரியாத 940க்குப் போனால் கேமராவின் பார்வையும் மங்கி, பேட்டரிச் செலவு கூடும்.

"கேரளத்தில் சுடலாம், இங்கேயும் இப்போது சுடலாம்" என்ற பேச்சைச் சில்லறையாக விட முடியாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக, உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ளவர்களுக்கு நிபந்தனைகளோடு அனுமதி தரப்படுகிறது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி அந்த உத்தரவு வராது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். விளைக்காரர் கையில் துப்பாக்கி தரும் வரி அதில் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை முயற்சியும் வேட்டைதான். சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரந்த கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை.

சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. இந்த மலையடிவாரத்தில் இருட்டில் நடமாடுவது பன்றி மட்டுமல்ல. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார்கள். குனிந்து வெட்டும் பெண்ணொருத்தி, பேட்டரி இறங்கிய கேமராவின் புள்ளி புள்ளியான திரையில் எப்படித் தெரிவார்? மின்னழுத்தம் குறையக் குறைய விளக்கு மங்கும், படத்தில் இரைச்சல் ஏறும், கடைசியில் அசையும் வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து விசையை இழுப்பவர் எந்த நம்பிக்கையில் இழுக்கிறார்?

கையில் சாலிடரிங் அயர்ன் உள்ள பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அதே கேமராவை விளையில் ஒரு கம்பத்தில் நிறுத்துங்கள். தூக்கிச் சுமக்க வேண்டாத இடத்தில் எடை ஒரு பொருட்டல்ல. தன்னோடு சிறு அகச்சிவப்பு விளக்குள்ள கேமரா 5 வாட் இழுத்தால் 12 மணி நேர இரவுக்கு 60 வாட் மணி போதும். 12 வோல்ட், 12 ஆம்பியர் மணி பேட்டரியில் 144 இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் ஆயுள் நீளும். அசைவு உணரும் சென்சாரோடு ஒலிபெருக்கியையும் பளிச்சிடும் விளக்கையும் சேர்த்தால் கூட்டம் மிரண்டு திரும்ப வாய்ப்பு உண்டு.

அதைவிட முக்கியம் சூரிய மின்வேலி. லைனிலிருந்து கொக்கி போட்டுக் கம்பியில் 230 வோல்ட் விடுவது கொலைப்பொறி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு வைத்த அத்தகைய கம்பியில் மூன்று யானைகள் செத்தன; குட்டிகள் இரண்டு தாயின்றி நின்றன. முறையான மின்வேலிக்கு மின்சாரம் விடும் எனர்ஜைசர் அப்படியல்ல. அது நொடிக்கு ஒருமுறைக்கு மிகாமல், கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த துடிப்பாகவே மின்சாரத்தை விடுகிறது. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மிகக் கூடாது என்பது சர்வதேசத் தரம். பன்றி துள்ளி விலகும், சாகாது. 2023இல் வந்த தமிழக மின்வேலி விதிகளின்படி காப்புக்காட்டை ஒட்டிப் புதிதாக வேலி போடுபவர் அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே போட்டவர் பதிவு செய்ய வேண்டும்.

சூரிய மின்வேலிக்கு மானியம் தரும் திட்டத்தை வேளாண் பொறியியல் துறை நடத்தியிருக்கிறது. ஆனால் 30 சென்ட், 50 சென்ட் விளைக்காரர் தனியே போட்டால் செலவு கட்டாது. நாலைந்து விளைகளைச் சேர்த்து ஒரே எனர்ஜைசரில் வேலி போடுபவர்களுக்கு மானியத்தைக் கூட்டித் தர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதைத் தடிக்காரன்கோணத்திலிருந்தே தொடங்கலாம். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மலையடிவார விளைக்காரர்கள் கூட்டு மனுவாகக் கொடுக்க வேண்டியது இந்தக் கோரிக்கையை.